கொழுப்பு பசி தாங்குமா?

1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் உள்ள மெக்கினாக் தீவில், விலங்குத் தோல் வாங்கி விற்கும் கடை ஒன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. குண்டு அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளம் கனடியத் தொழிலாளியின் இடது விலாப் பக்கம் பாய்ந்தது. பிழைக்கமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ராணுவ மருத்துவர் வில்லியம் பூமாண்ட் வைத்தியம் பார்க்க, ஆள் தேறிவிட்டார். புண் மட்டும் முழுதாக மூடவில்லை. இரைப்பைக்குள் எட்டிப் பார்க்கும்படி ஒரு துளை நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

1825 முதல் பூமாண்ட் அந்தத் துளையை விட்டுவைக்கவில்லை. உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்குவார், மணி பார்த்து வெளியே இழுப்பார், எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எழுதிக்கொள்வார். செயின்ட் மார்ட்டினுக்கு இதில் எவ்வளவு சம்மதம் இருந்தது என்பது தனிக் கதை. ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்கே போய்விட்டார். 1833இல் வெளிவந்த பூமாண்டின் நூலில் எந்த உணவு செரிக்க எவ்வளவு நேரமாகிறது என்ற பட்டியல் இருக்கிறது. வேகவைத்த அரிசிக்கு 1 மணி நேரம். கொழுப்பும் சதையுமாகச் சுட்ட பன்றி இறைச்சிக்கு 5 மணி 15 நிமிடம்.

காலையில் வயிறு முட்ட இட்லியோ பொங்கலோ தின்றுவிட்டு, பதினொரு மணிக்கே டீயோடு கடிக்க எதையாவது தேடும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பதால், அந்த அரிசி வரி எனக்குச் சுருக்கென்று பட்டது. பட்டியலைப் பார்த்ததும் யாருக்கும் தோன்றும் முடிவு ஒன்றுதான்: கொழுப்பு வயிற்றில் நெடுநேரம் கிடக்கிறது, ஆகவே பசி தாங்கும். வெண்ணெய்க் காபியும், பேலியோ உணவுமுறைக்காரர்களின் நூறு பாதாமும், சோற்றில் இரண்டு ஸ்பூன் நெய் கூட ஊற்றச் சொல்லும் யூடியூப் ஆலோசனையும் இந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன. அது முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கொழுப்பு பசியை அடக்குவதும் அடக்காததும், அது குடலில் எந்த இடத்துக்கு, எந்த வடிவில், எதனோடு சேர்ந்து போகிறது என்பதைப் பொறுத்தது. ஊற்றுகிற அளவு அதற்குப் பிறகுதான்.

இரைப்பையிலிருந்தே தொடங்குவோம். உள்ளே வந்ததையெல்லாம் அது தன் இஷ்டத்துக்குக் கீழே தள்ளிவிட முடியாது. சிறுகுடல் அனுமதிக்கும் வேகத்தில்தான் தள்ள முடியும். அது பெரும்பாலும் நிமிடத்துக்கு 1 முதல் 4 கலோரி. (இந்த அத்தியாயத்தில் கலோரி என்பது, சத்துணவுக்காரர்கள் கிலோ கலோரி என்று எழுதுவதுதான்.) 400 கலோரி உணவு என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாவது ஆகும். இந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடம், இரைப்பைக்கு அடுத்து வரும் ஒரு சாண் நீள முன்சிறுகுடல். அதன் சுவரில் இருக்கும் சில செல்கள், வந்திருப்பது என்ன என்று இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. கொழுப்பு அமிலமோ புரதத் துண்டோ தட்டுப்பட்டால் உடனே ஒரு ஹார்மோனை விடுகின்றன.

அந்த ஹார்மோனின் பெயர் கோலிசிஸ்டோகைனின், சுருக்கமாக சிசிகே. 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பித்தப்பையைச் சுருங்க வைக்கும் பொருளாக அடையாளம் கண்டார்கள். பசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று தெரியவர இன்னும் 45 ஆண்டுகள் ஆயின. 1973இல் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகியோர் எலிகளுக்கு இதை ஊசி மூலம் கொடுத்தபோது, அவை வழக்கத்தைவிடச் சீக்கிரமே தீனியை விட்டு நகர்ந்தன. சிசிகே ஒரே நேரத்தில் பல வேலைகள் செய்கிறது. பித்தநீரை வெளியேற்றுகிறது, கணைய நீரை வரவழைக்கிறது, இரைப்பையின் கீழ்வாசலை இறுக்குகிறது, வேகஸ் நரம்பு வழியாக ‘போதும்’ என்று மூளைக்குச் சொல்லி அனுப்புகிறது.

இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. எண்ணெய் எண்ணெயாகவே வந்தால் இந்தச் செல்களுக்குத் தெரியாது. லைப்பேஸ் என்ற நொதி முதலில் அதை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்க வேண்டும். எடைக் குறைப்புக்காகக் கொடுக்கப்படும் ஆர்லிஸ்டாட் மாத்திரை இந்த உடைப்பைத் தடுக்கிறது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு சிசிகே குறைவாகச் சுரப்பதும், இரைப்பை வேகமாகக் காலியாவதும் ஆய்வுகளில் தெரிந்தது. அடுத்தது, கொழுப்பு அமிலத்தின் நீளம். சங்கிலியில் 12 கார்பனாவது இருந்தால்தான் சிசிகே நன்றாகச் சுரக்கிறது. 10 கார்பன் சங்கிலிக்கு அந்தச் செல்கள் அசைவதில்லை.

முன்சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் தப்பும் கொழுப்பு, பல மீட்டர் பயணம் செய்து சிறுகுடலின் கடைக்கோடி வரை போகிறது. அங்கே இன்னொரு பிரேக் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1984இல் தன்னார்வலர்களின் குடலுக்குள் குழாய் விட்டு, கடைக்கோடியில் நேரடியாகக் கொழுப்பைச் செலுத்தினார்கள். மேலே இருந்த குடலின் அசைவு மந்தமாகிவிட்டது. கடைக்கோடியிலுள்ள செல்கள் விடும் ஹார்மோன்களில் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் முக்கியம். இன்று ஊரெல்லாம் பேசப்படும் செமாகுளூட்டைடு ஊசி, இந்த ஜிஎல்பி-1ஐப் பார்த்துச் செய்ததுதான். உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 சுமார் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி ஒரு வாரம் தாங்குகிறது.

இதுவரை எல்லாம் கொழுப்புக்குச் சாதகமாகவே போகிறது. வழக்கமாக யூடியூப் காணொளிகளும் இந்த இடத்தில்தான் முடியும்.

1995இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் ஓர் எளிய சோதனை செய்தார்கள். 38 உணவுகள், ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி. சாப்பிட்டவர்களிடம் இரண்டு மணி நேரம் வரை கால் மணிக்கு ஒருமுறை வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அளந்தார்கள். முதலிடம் வெறும் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, 323. கடைசி இடம் வெண்ணெய் ஊறிய குரோசான் ரொட்டிக்கு, 47. மீன் 225, முட்டை 150, சோறு 138, வேர்க்கடலை 84. மொத்தத்தில் கொழுப்பு கூடக் கூட மதிப்பெண் இறங்கியது.

கெவின் ஹால் என்பவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்க வைத்து, இரண்டு வாரம் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த அசைவ உணவும், இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவும் கொடுத்தார். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கொழுப்பு குறைந்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள். பசி எப்படி இருந்தது என்று கேட்டபோது, இரண்டு உணவுக்கும் ஒரே பதில்தான் வந்தது.

இந்த முரணுக்கு விடை பெரும்பாலும் கணக்கில் இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. 240 கலோரிக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு வேண்டுமானால் கால் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். எண்ணெய் என்றால் இரண்டு மேசைக்கரண்டி போதும். சாப்பாட்டை நிறுத்தச் சொல்லும் முதல் செய்தி இரைப்பைச் சுவர் விரிவதிலிருந்து வருகிறது. அந்தச் சுவருக்கு எடையும் பருமனும் தெரியும், கலோரி தெரியாது. கொழுப்பைப் பற்றிய செய்தி, அது குடலுக்கு இறங்கி, உடைந்து, ஹார்மோனாகி மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதற்குள் பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்திருப்போம். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் பிளண்டெல் 1990களில் இதை விளக்கினார். பேராசையோ வாய்ருசியோ இல்லாதவரும் கொழுப்பு மிகுந்த உணவில் தன்னையறியாமல் கூடுதலாகத் தின்றுவிடுகிறார், வழக்கமான அளவே தின்றதாக நினைத்துக்கொண்டு.

சிசிகேயைப் பற்றிய அதே எலி ஆராய்ச்சியிலும் ஒரு பின்கதை உண்டு. 1984இல் வேறொரு குழு, எலிகள் சாப்பிடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தானாக சிசிகே ஏறும்படி ஏற்பாடு செய்தது. ஒவ்வொரு வேளையும் சின்னதானது உண்மை. ஆனால் எலிகள் வேளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டன. நாள் முடிவில் கணக்கு ஏறக்குறைய சமம்.

எனவே, சாப்பாட்டை நிறுத்துவதும் அடுத்த வேளை வரை தாக்குப்பிடிப்பதும் இரண்டு தனி வேலைகள். முதல் வேலையில் கொழுப்பு சுமார்தான். இரண்டாவதில் அதற்கு இடம் இருக்கிறது, பகல் பதினொரு மணிப் பசிக்காரர்களுக்கு முக்கியமும் அதுதான். 2021இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 1,070 பேரின் ரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து வெளியிட்ட முடிவு இங்கே உதவும். காலை உணவுக்குப் பின் சர்க்கரை எவ்வளவு உயரம் ஏறியது என்பதை வைத்துப் பசியைச் சரியாகக் கணிக்க முடியவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அது பழைய அளவுக்கும் கீழே எவ்வளவு சரிந்தது என்பது நன்றாகக் கணித்தது. நிறையச் சரிந்தவர்கள் சுமார் அரை மணி முன்னதாகவே மறுபடி சாப்பிட்டார்கள்; நாள் முழுக்க 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

இரைப்பை மெதுவாகக் காலியானால் சர்க்கரை ஏறுவதும் மெதுவாகும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சர்க்கரை நோயாளிகளுக்கு, மசித்த உருளைக்கிழங்கு கொடுப்பதற்கு அரை மணி முன்பு 30 மில்லி ஆலிவ் எண்ணெய் கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பை தாமதித்தது, சர்க்கரையின் ஏற்றமும் தள்ளிப்போனது. ஆனால் அந்த 30 மில்லியே ஏறக்குறைய 250 கலோரி. அந்த அளவைச் சோற்றிலிருந்து குறைக்காமல் எண்ணெயை மட்டும் கூட்டினால் லாபம் யாருக்கு?

அடுத்தது, சேர்மானம். மாவும் கொழுப்பும் சேர்ந்த உணவுக்கு மூளை தனி மரியாதை கொடுக்கிறது. 2018இல் யேல் பல்கலைக்கழக, ஜெர்மானிய ஆய்வாளர்கள் தின்பண்டங்களின் படங்களைக் காட்டி, எதற்கு எவ்வளவு பணம் கொடுப்பீர்கள் என்று ஏலம் கேட்க வைத்தார்கள். கலோரியும் பிடித்த அளவும் சமமாக இருந்தும், இரண்டும் சேர்ந்தவற்றுக்கே அதிக விலை விழுந்தது. மூளையின் வெகுமதிப் பகுதிகளும் அவற்றுக்கே கூடுதலாக ஒளிர்ந்தன. இயற்கையில் இந்தச் சேர்க்கை அரிது. தாய்ப்பால் விதிவிலக்கு: சுமார் 4 சதவீதம் கொழுப்பு, 7 சதவீதம் பால் சர்க்கரை. மற்றபடி பரோட்டாவும் மைசூர்பாகும் மிக்சரும் மனிதக் கைவேலை. இவற்றில் கொழுப்பு தாராளமாகவே இருக்கிறது. மிக்சர் பொட்டலத்தைப் பாதியில் மடித்து வைத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. புரதமும் நாரும் கூட வரும்போதுதான் கொழுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும் 5 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. 2005இல் அமெரிக்காவில் எடை கூடிய பெண்களுக்கு ஒரே கலோரி அளவில் ஒரு நாள் முட்டையும் இன்னொரு நாள் பேகல் ரொட்டியும் காலை உணவாகக் கொடுத்தபோது, முட்டை நாளில் மதியம் குறைவாகச் சாப்பிட்டார்கள்.

வடிவம் என்ற விஷயத்தில் பாதாமைப் போல எனக்குப் பிடித்த உதாரணம் வேறில்லை. நூறு பாதாம் என்றால் 120 கிராம் அளவு. லேபிள் கணக்குப்படி 700 கலோரி வரும். ஆனால் அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012இல் பாதாம் தின்றவர்களின் மலத்தையும் சிறுநீரையும் சேகரித்து, எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். சுமார் 170 கலோரி என்று லேபிள் சொல்லும் 28 கிராமிலிருந்து உடலுக்குக் கிடைத்தது 129தான். காரணம், பாதாமின் எண்ணெய் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கெட்டியான சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிறது. பல் உடைத்த செல்லின் எண்ணெய் மட்டும் மேலேயே வெளிப்படும். உடையாதது குடலின் கீழ்ப்பகுதிக்குப் பயணிக்கும். அதே பாதாமை விழுதாக அரைத்துக் கொடுத்தால் இந்தச் சலுகை ஏறக்குறைய முழுதும் போய்விடுகிறது. வேர்க்கடலையிலும் இதுதான் நடக்கிறது: முழுக் கடலை தின்றவர்களின் மலத்தில், கடலை வெண்ணெயோ கடலை எண்ணெயோ சாப்பிட்டவர்களைவிட அதிகக் கொழுப்பு வெளியேறுகிறது. சிட்னி பட்டியலில் 84 மட்டுமே வாங்கிய கடலையை இதை வைத்து நான் கொஞ்சம் மன்னிக்கிறேன். அங்கே அளந்தது முதல் இரண்டு மணி நேரத்தை மட்டும்.

இரைப்பைக்குள் எண்ணெய் எப்படி இருக்கிறது என்பதும் பொருட்டாகிறது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் லூகா மார்சியானி குழுவினர் ஒரே அளவு எண்ணெய் கலந்த இரண்டு பானங்களைத் தயாரித்தார்கள். ஒன்றில் எண்ணெய்த் துளிகள் இரைப்பை அமிலத்திலும் பிரியாது. மற்றதில் பிரிந்து மேலே மிதக்கும். குடித்தவர்களின் வயிற்றை எம்ஆர்ஐ ஸ்கேனில் பார்த்தார்கள். பிரிந்த பானத்தில் தண்ணீர் முதலில் இறங்கிவிட்டது. எண்ணெய் மேலே மிதந்தபடி கடைசிவரை காத்திருந்தது. பிரியாத பானம் இறங்க நேரம் எடுத்தது, சிசிகேயும் கூடுதல், வயிறு நிறைந்த உணர்வும் கூடுதல். எண்ணெய் நெடுநேரம் இரைப்பையில் கிடந்தால் மட்டும் போதாது, குடலைத் தொட வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது. பூமாண்டின் பட்டு நூலும் கடிகாரமும் இதைக் காட்டியிருக்க வழியில்லை.

தேங்காய் எண்ணெய் பசியைக் கட்டும் என்ற பிரசாரத்துக்கும் இங்கே ஒரு வார்த்தை. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, அதாவது எம்சிடி எண்ணெய், கல்லீரலுக்கு நேராகப் போய் எரிவதால் பசியைக் கொஞ்சம் குறைக்கிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அது ஆய்வகத்தில் பிரித்தெடுத்த 8, 10 கார்பன் எண்ணெய். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். 8, 10 கார்பன்கள் சேர்ந்தே ஏழில் ஒரு பங்குதான். ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் இரண்டையும் காலை உணவில் ஒப்பிட்டபோது, எம்சிடி எண்ணெய் தந்த நிறைவைத் தேங்காய் எண்ணெய் தரவில்லை. ஒன்றின் நற்பெயரை வைத்து மற்றதை விற்கிறார்கள். தேங்காய்ச் சட்னியை யாரும் விட வேண்டியதில்லை. எண்ணெயை ஸ்பூனில் விழுங்கத் தேவையில்லை, அவ்வளவுதான். வெண்ணெய்க் காபியில் மெல்லவும் ஒன்றுமில்லை, நாரும் இல்லை, புரதமும் இல்லை.

மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கீட்டோ உணவுக்காரர்கள் பசியே இல்லை என்று சொல்வது பொய்யில்லை. ஆனால் அங்கே வேலை செய்வது பெரும்பாலும் வேறு. எடை குறையும்போது இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் வழக்கமாக ஏறும். கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன் ரத்தத்தில் இருக்கும் வரை அந்த ஏற்றம் அடங்கியிருப்பதை மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். சாதாரண உணவுக்குத் திரும்பியதும் கிரெலின் ஏறிவிட்டது. மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டே காலையில் மட்டும் வெண்ணெய்க் காபி குடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது. குடலும் பழகிக்கொள்கிறது. 1991இல் வெளியான ஓர் ஆய்வில் தன்னார்வலர்கள் இரண்டு வாரம் கொழுப்பு மிகுந்த உணவு உண்ட பிறகு, கொழுப்புணவு அவர்களின் இரைப்பையை முன்பைவிட வேகமாகக் கடந்தது.

அப்படியானால் தட்டில் என்ன செய்வது? ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெயும் 35 கிராம் கொட்டைகளும் சொல்லியிருக்கிறார்கள். நம் வீடுகளில் எண்ணெய் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டும், கொட்டைகள் பக்கத்தில்கூட வராது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வு 2025இல் சொன்னபடி, இந்தியர்கள் பெறும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. குறைக்க வேண்டிய இடம் அங்கே. ஐந்தாவது இட்லிக்குப் பதில் ஒரு முட்டை. பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த கடலை, நிதானமாக மென்று. சுண்டலில் இரண்டு பல் தேங்காய். நெய் பிடித்தால் ஒரு ஸ்பூன், பருப்பும் காயும் சேர்ந்த சோற்றில். ஏற்கெனவே தின்பதன் மேல் கொழுப்பைக் கூட்டினால் இந்த அத்தியாயத்தில் சொன்ன எந்த ஹார்மோனும் காப்பாற்றாது.

எடை குறைக்கிறேன் என்று கொழுப்பை அறவே ஒதுக்குபவர்களுக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. கொழுப்பு வராவிட்டால் சிசிகே குறைவாகவே சுரக்கும், பித்தப்பை சரியாகச் சுருங்காது, பித்தநீர் தேங்கிக் கல்லாகலாம். வேகமாக எடை இழப்பவர்களிடம் பித்தப்பைக் கல் அதிகம் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் கடுமையான எடைக் குறைப்பு உணவிலும் ஒரு வேளையாவது 10 கிராம் கொழுப்பு இருக்கட்டும் என்கிறார்கள். கல் ஏற்கெனவே இருப்பவருக்கோ அதே சுருக்கம்தான் வலியைக் கிளப்பும். கணைய அழற்சி வந்தவர்களும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உணவில் கொழுப்பைக் கூட்டும் முயற்சியில் இறங்கக் கூடாது. செமாகுளூட்டைடு, டிர்செபடைடு ஊசி போட்டுக்கொள்பவர்களின் இரைப்பை முன்பே மெதுவாகத்தான் காலியாகிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பலகாரம் அவர்களுக்குப் பெரும்பாலும் குமட்டலைத்தான் கொடுக்கும்.